ஜவ்வாது மலையும் ஆதி ஒளியும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குச் சென்றால் காவலூரை அடையலாம். அங்கேயுள்ள வான ஆராய்ச்சிக் கூடம் 1968-இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் ஆரம்பமாயிற்று. அதை நிறுவிய வைணு பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர் பெருந்தொலைநோக்கி, நம் தேசத்திலேயே உருவாகி 1986-இல் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார்.

மாணவர்களுடன் நாம் அங்கே சென்றிருந்தபோது ஒரு பையன், "ஸார், உலகத்தின் ஆதி ஒளி இதில் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது என்றோம். பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 3,80,000 வருஷங்களுக்குப் பின் விடுபட்ட அவ்வொளி, இன்று குளிர்ந்து நுண்ணலையாகிவிட்டது. 1965-இல் பென்ஸியாஸ், வில்ஸன் என்னும் அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 270 டிகிரி.

கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியை மேலும் கீழுமாக மட்டும் அசைத்தால் அலை ஒரே தளத்தில் ஓடுகிறதல்லவா? ஒளியும் அவ்வாறு ஒரு தளத்தில் அதிர்வதைத் 'தளவிளைவு' என்பர். ஆதி ஒளியில் அது மிகச் சொற்பம். டிகிரியில் பத்து லக்ஷத்தில் சில பங்கே. நுண்ணலைக்கு நீராவி பகையாதலால், வறண்ட தென்துருவத்தில் கருவி வைத்து 2002-இல் அதை முதன்முதல் கண்டறிந்தனர்.

2014-இல் அங்கிருந்தே மற்றொரு குழுவினர், பிரபஞ்சப் பிறப்பின் சுவடே அகப்பட்டதாக அறிவித்தார்கள். உலகம் வியந்தது. மறு வருஷமே, ஐரோப்பியரின் பிளாங்க் விண்கலத்தாருடன் சேர்ந்து கணக்கைச் சரிபார்த்தபோது, பிறப்பின் சுவடென்று சொல்ல அதில் ஆதாரமில்லை என்று தெரிந்தது. நம் பால்வீதியின் தூசி எழுப்பிய தளவிளைவே பெரிதும் அவர்களை ஏமாற்றியிருந்தது!

இங்கேதான் காவலூர் போன்ற இடங்களின் பணி நினைவுக்கு வருகிறது. நக்ஷத்திர ஒளி தூசியினூடே வருகையில் தளவிளைவு பெறுகிறது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் கருவி பொருத்திப் பல நக்ஷத்திரங்களின் தளவிளைவை நம்மவர் அளந்திருக்கிறார்கள். இவ்வகை அளவுகளே தூசி எங்கே, எத்திசையில் அணிவகுத்து நிற்கிறது என்பதைச் சொல்லும். தூசியை அறியாதவன் அதற்கப்பால் உள்ளதை எப்படி அறிவான்?

தவற்றை ஒப்புக்கொண்ட அக்குழுவினரைப் பற்றிச் சொன்னதும், "அவமானமாக இருந்திருக்காதா, ஸார்?" என்றான் பையன். "கணக்கில் பிழை வருவது அவமானமன்று, அதை மறைப்பதே அவமானம்" என்றோம்.

மலையை விட்டு இறங்கும்போது, தூரத்து ஊர்களின் மின்விளக்கு வெளிச்சம் வான்விளிம்பில் படர்ந்திருந்தது. நம் வீட்டு விளக்குகளைச் சற்றே தாழ்த்தி, கீழ்நோக்கி எரியவிட்டாலும் போதும். காவலூரின் இருளைக் காப்பதும் தேசத் தொண்டுதான்.