தேடித் தருவதும் திருப்பணியே

மருத்துவமனை என்றதும் மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநருமே நம் நினைவுக்கு வருவர். நோயாளியின் படுக்கையருகே வந்து நில்லாமலே அவரது உயிரைக் காப்பதில் பங்குபெறும் வேறொருவரும் உண்டு. அவரே மருத்துவ நூலகர். கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், அவரது பணி நம் மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. ஓசூருக்கு அண்மையில் உள்ள பெங்களூரில், இந்திய ஆயர் பேரவை 1963-இல் நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியிலும் இத்தொண்டு நெடுங்காலமாக நடந்து வருகிறது.

நூலை எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் குறிப்பதே நூலகர் வேலை என்று எண்ணுவோர் பலர். உண்மையோ வேறு. உலகெங்கும் வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக அட்டவணை தரும் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் இதழை அமெரிக்கரான ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-இல் தொடங்கினார். அதன் வழிவந்த 'பப்மெட்' 1997 முதல் கணினி வழியே எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கக் கிடைக்கிறது. ஆயினும் கருவி இருப்பது வேறு. அதில் தேடத் தெரிவது வேறு.

இதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஆஸ்துமா பற்றிய ஆய்வொன்றில் எலன் ரோச் என்னும் 24 வயது நங்கை தன்னார்வலராகப் பங்கேற்றார். நல்ல உடல்நலத்தோடு வந்த அவர், 'ஹெக்சாமெத்தோனியம்' என்னும் மருந்தை முகர்ந்தபின் நுரையீரல் கெட்டு உயிர் நீத்தார். ஆய்வுக்கு முன் ஏடுகளைத் தேடாமல் இல்லை. ஆனால் அன்றைய பப்மெட் 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளையே காட்டிற்று. அம்மருந்து நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் என்ற எச்சரிக்கையோ 1950-களின் அச்சிதழ்களில் இருந்தது. பழைய அட்டவணைகளையும் புரட்டத் தெரிந்த நூலகர் ஒருவரின் துணை அங்கே எத்துணை பயன்பட்டிருக்கும்!

நம் மண்ணிலிருந்தே வேறொன்று கூறுவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அதனால் பற்களில் பழுப்புக் கறை படிகிறது, எலும்பும் நலிகிறது. இன்று 'புளோரோசிஸ்' எனப்படும் இப்பற்கறையை முன்னாளில் 'மாட்டில்டு எனாமல்' என்றனர். ஒரு பெயரை மட்டும் கொண்டு தேடுபவர் மற்றப் பெயரில் எழுதப்பட்டவற்றை இழப்பார். சென்னை மாகாணத்தில் காணப்பட்ட இந்நோய் பற்றி 1937-இலேயே ஷார்ட் என்பாரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து எழுதியுள்ளனர். இவற்றையெல்லாம் ஒருங்கே எடுத்துத் தருபவரே நல்ல நூலகர்.

இப்பணியில் இடர்களும் பல. மருத்துவ இதழ்களின் சந்தா மிக அதிகம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் நடுவண் அரசின் திட்டம் 2025 சனவரி முதல் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நிறுவனங்களுக்கு வழங்குகிறது. எனினும் அதன் முதற்கட்டத்தில் தனியார் கல்லூரிகள் சேரவில்லை. அடுத்து, அச்சில் வந்தவை யாவும் மெய்யல்ல. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற ஐயத்தைக் கிளப்பி 1998-இல் வெளியான கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010-இல்தான் திரும்பப் பெற்றது. இன்றோ, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைகளையும் இருப்பனபோல் காட்டுவதுண்டு. மெய்யையும் பொய்யையும் பிரித்துரைக்கும் பொறுப்பும் நூலகர் தோளிலேயே விழுகிறது.

நம் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. கைப்பேசியில் வந்த மருத்துவச் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், 'இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? இன்றும் அது ஏற்கப்படுகிறதா?' என்று கேட்போம். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத மகனோ மகளோ மனமொடிந்து நின்றால், நோயுற்றோர்க்குத் தொண்டாற்ற நூலக அறிவியலும் ஒரு வழி என்பதை எடுத்துச் சொல்வோம்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்றவர் நம் நல்லாயர். கிடைத்தவை போதும் என்று அமர்ந்துவிடாமல் விடுபட்ட ஓர் ஏட்டைத் தேடிச் செல்பவரும் அவர் வழியிலேயே நடக்கிறார். இனி நோயாளிகளுக்காக நாம் செபிக்கும்போது, மருத்துவரோடும் செவிலியரோடும் இவர்களையும் இறைவனிடம் ஒப்படைப்போம்.