போர்க்கால ஜீப்பும் பின்கட்டுப் பட்டறையும்

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் கொள்ளிடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சமயபுரம். புது வண்டி வாங்கியவர்கள் மாரியம்மன் கோவில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிப் புறப்படும் ஊர். இங்கே வீட்டுப் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு செட் ஸ்பேனரும் இருந்தால், இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்றை மறுபடி ஓடவைக்க முடியுமா? முடியும். அதற்கான காரணம் அந்த வண்டி பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

1940-இல் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களிடம் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சின்ன நிறுவனத்துக்காகக் கார்ல் பிராப்ஸ்ட் வரைந்த வண்டி செப்டம்பரில் கெடுவுக்குள் வந்து நின்றது. பெரிய ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 6.4 லட்சம் ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர்முனையில் பட்டறை ஏது? சேற்றில் மண்டியிட்டு, கையிலிருக்கும் கருவிகளை வைத்தே ஒரு சிப்பாய் பிரித்து மாட்ட வேண்டும். அதனால்தான் எல்லாம் எளிமை: தட்டையான தகடுகள், 2,199 சிசி கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின், பிளாக்கிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் வால்வுகள். பழுதுபார்ப்பதற்கென்றே வடிவமைத்த வண்டி இது. இன்றைய கார்களில் இந்த நல்ல குணம் அருகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பர்மா போர்முனைக்காக வந்த ஜீப்புகளில் பல போருக்குப்பின் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. 1947-இல் மகிந்திரா நிறுவனம் மும்பையில் 75 வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்டியது. பிறகு இங்கேயே தயாரித்தது. ஆகவே காயலான் கடையில் கிடைக்கும் வண்டி எந்தக் குலத்தது என்று முதலில் பார்க்க வேண்டும். போல்ட்டின் தலையில் ‘எஃப்’ எழுத்து பொறித்திருந்தால் அது ஃபோர்டு ஆலையின் போல்ட். ரேடியேட்டருக்கு அடியில் போகும் சேஸ் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ போலிருந்தால் ஃபோர்டு. இரண்டும் கலந்த வண்டிகளும் உண்டு.

இனித்தான் உண்மையான எதிரி: துரு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் மின்வேதி வினை தொடங்குகிறது. உப்புக் காற்று அதை முடுக்கிவிடும். கடலிலிருந்து விலகியிருக்கும் சமயபுரத்துக்கு இந்த வகையில் சென்னையைவிட அதிர்ஷ்டம். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால் அவற்றைப் பிளந்தே விடும். ஜீப்பின் தரைக்கு அடியிலுள்ள முட்டுச்சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள்; அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டை அரித்திருக்கும். மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே வழி.

சிறு பாகங்களுக்கு மின்சாரமே மருந்து. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பிளஸ் முனை ஒரு பழைய இரும்புக் கம்பிக்கு. துரு ஏறிய வினை இங்கே எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. துரு தளர்ந்து, பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பிளஸ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் வைக்கக்கூடாது. நச்சான குரோமியச் சேர்மம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாமல் செய்ய வேண்டும். அந்த ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கச் செய்யும் என்பதால் ஸ்பிரிங் பட்டைகளைத் தொட்டியில் இறக்காமல் இருப்பது நல்லது.

இறுகிப்போன நட்டுக்கு வெப்பம். 19 மில்லிமீட்டர் நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிமன்தான், மரை விட்டுக்கொடுக்க அதுவே போதும்.

மின்சாரப் பகுதியில் பலர் திகைத்துப்போவார்கள். இந்த ஜீப் 6 வோல்ட். இன்றைய 12 வோல்ட் வண்டியோடு ஒப்பிட்டால், அதே வேலைக்கு இரு மடங்கு கரன்ட் வேண்டும். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, துருவேறிய எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும், ஆறில் இரண்டு! அதே தடையில் 12 வோல்ட் வண்டி 100 ஆம்பியர் இழுத்தால் இழப்பது 1 வோல்ட்தான். பேட்டரியைக் குறை சொல்லுமுன் எர்த் இணைப்பைச் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டும்.

கடைசல் வேலைக்குத் திருச்சியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி எஞ்சின் கட்டிய பொன்மலைப் பணிமனை இங்கேதான் இருக்கிறது. பெல் நிறுவனத்தை அண்டி வளர்ந்த துவாக்குடி லேத் பட்டறைகளும் உண்டு. தலைவலி பெட்ரோலில்தான். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

ஓடத் தொடங்கியபின் பதிவு. 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது: கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் ‘விஏ’ எழுத்துகள் இருக்கும், அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை அல்லாதோர் ஆலிவ் பச்சை அடிப்பதைத் தடைசெய்கிறது. போலி ராணுவ வண்டிகளைத் தடுக்க அந்த விதி தேவைதான். ஆனாலும் ராணுவ ஜீப்பின் மூல வடிவத்தில் அதன் நிறமும் சேர்த்தியல்லவா? ‘விஏ’ எண் பெற்று, கண்காட்சிக்கு மட்டுமே வெளியே வரும் வண்டிகளுக்கு அந்த விதியிலேயே தெளிவான விலக்கு எழுதிச் சேர்க்க வேண்டும்.