எவ்வளவு? எத்தன்மை?



பால் வாங்கும்போது நம் தாய்மார்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "எவ்வளவு பால்?" என்பது ஒன்று, "நல்ல பாலா?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு அளவுப்படி விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு அதனால் விடை சொல்ல இயலாது. தண்ணீர் கலந்த பாலும் ஒரு லிட்டர் படியை நிறைக்கத்தான் செய்யும். பருப்பொருளின் இயற்பியல் பண்புகளை அறிவியலும் இவ்வாறே இரு வகையாகப் பிரிக்கிறது.

பண்புகள் இரு வகை

ஒரு பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று கொள்வோம். அதன் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். அதை இரண்டு பாத்திரங்களில் சமமாக ஊற்றுவோம். இப்போது ஒவ்வொன்றிலும் தண்ணீரின் பருமன் பாதி, நிறையும் பாதி. ஆனால் வெப்பநிலை 15 டிகிரியாகக் குறைந்துவிட்டதா? இல்லை. இரண்டிலும் அதே 30 டிகிரிதான். அடர்த்தியும் மாறவில்லை; கொதிநிலையும் மாறவில்லை.

பொருளைப் பிரித்தால் தாமும் பிரியும் நிறை, பருமன், வெப்ப ஆற்றல் போன்றவை அளவைச் சார்ந்த பண்புகள். பொருளைப் பிரித்தாலும் மாறாத வெப்பநிலை, அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, நிறம் போன்றவை அளவைச் சாராத பண்புகள். இவ்விரு வகைக்கும் ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர்களை 1917-ஆம் ஆண்டில் சூட்டியவர் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் டோல்மன் ஆவார்.

வெப்பமும் வெப்பநிலையும்

இவ்வேறுபாட்டை அறியாததால் விபத்துகளும் நேர்வதுண்டு. கம்பி மத்தாப்பிலிருந்து பறக்கும் பொறியின் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். எனினும் அப்பொறி கையில் பட்டால் பெரும்பாலும் சுருக்கென்று குத்துவதோடு சரி. கொதிக்கும் நீரோ 100 டிகிரிதான். ஆனால் ஒரு குவளை நீர் கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும். காரணம் என்ன? வெப்பநிலை அளவைச் சாராதது. வெப்பம் அளவைச் சார்ந்தது. பொறி மிகச் சிறிய துகள். அதன் வெப்பநிலை உயர்ந்திருந்தாலும் அது தரக்கூடிய வெப்பம் மிகக் குறைவு. அதற்காகப் பொறியோடு விளையாடலாகாது. கண்ணுக்கும் மெல்லிய ஆடைக்கும் அச்சிறு வெப்பமே போதும்.

மத்தாப்பு எரிந்து முடிந்தபின் எஞ்சும் கம்பியைப் பாருங்கள். ஒளி அணைந்துவிட்டதால் அது ஆறிவிட்டது போல் தோன்றும். அதன் வெப்பநிலை பொறியைவிடக் குறைவுதான். ஆனால் அதன் நிறை பொறியைப் போல் பல்லாயிரம் மடங்கு. தரையில் எறிந்த கம்பியை மிதித்துக் கால் வெந்த சிறுவர்கள் எத்தனையோ பேர்! எரிந்த கம்பியை உடனே வாளித் தண்ணீரில் போடுவதே அறிவுடைமை.

வகுத்தால் கிடைக்கும் பண்பு

அளவைச் சார்ந்த இரு பண்புகளில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், அளவைச் சாராத பண்பு ஒன்று கிடைக்கும். நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. மூக்குத்தியில் உள்ள துளிப் பொன்னும் வங்கிப் பெட்டகத்தில் உள்ள பொற்கட்டியும் எடையில் வேறு வேறு. ஆயினும் இரண்டும் சொக்கத் தங்கமானால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் என்பது இரண்டுக்கும் பொது. ஆகவே "இது என்ன பொருள்?" என்று கண்டறிய இப்பண்புகளே துணை செய்கின்றன.

பால்மானியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஏறக்குறைய 1 கிலோகிராம். ஒரு லிட்டர் பாலின் நிறை ஏறக்குறைய 1.03 கிலோகிராம். தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும். பால்மானி கூடுதலாக அமிழும். ஆனால் இங்கே ஒரு சூழ்ச்சிக்கும் இடமுண்டு. பாலேட்டில் உள்ள கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி உயரும். பிறகு அளவாகத் தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி பழைய நிலைக்கே வந்துவிடும். பால்மானியும் "நல்ல பால்" என்றே காட்டும்! இதனால்தான் பால் பண்ணைகளில் கொழுப்புச் சத்தையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். ஒரு பண்பை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

காற்றில் மறைந்திருந்த வாயு

அடர்த்தியில் கண்ட ஒரு சிறு வேறுபாடு ஒரு புதிய தனிமத்தையே காட்டிக் கொடுத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ராலே பிரபு நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியை அளந்து கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ 1.2505 கிராம்தான். வேறுபாடு 7 மில்லிகிராம்கூட இல்லை. இரண்டு மூன்று கடுகு மணிகளின் எடையே!

வேறொருவராயின் அதைப் பொருட்படுத்தாது விட்டிருப்பார். ராலே விடவில்லை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும், எவ்வளவு எடுத்தாலும், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் அதன் அடர்த்தி ஒன்றாகவே இருக்க வேண்டுமன்றோ? 1892-இல் இப்புதிரை மற்ற அறிஞர்கள் முன் வைத்தார். பின்னர் அவரும் வில்லியம் ராம்சேயும் ஆராய்ந்து, காற்றின் நைட்ரஜனோடு கனமான வேறொரு வாயுவும் கலந்திருப்பதை 1894-இல் வெளியிட்டனர். எதனோடும் எளிதில் சேராத அவ்வாயுவுக்கு, கிரேக்க மொழியில் "சோம்பேறி" என்று பொருள்படும் "ஆர்கான்" என்ற பெயர் வைத்தனர். நாம் சுவாசிக்கும் காற்றின் பருமனில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு ஆர்கானே. 1904-இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் எல்லை

பொருளை எவ்வளவு நுண்ணியதாகப் பிரித்தாலும் இப்பண்புகள் மாறாவா? கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் வரை மாறா. ஆனால் ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்குத் தங்கத்தைப் பொடித்து நீரில் பரப்பினால், அது மஞ்சளாக அன்றிச் சிவப்பாகத் தெரியும். துகள் மேலும் சிறுத்தால் உருகுநிலையும் இறங்கும். மீநுண் துகள்களின் இவ்வியல்பு இன்று தனி ஒரு துறையாகவே வளர்ந்துள்ளது.

தோழியரே! ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, எவ்வளவு என்று அளப்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தன்மையது என்றும் கேளுங்கள். விடை எதிர்பார்த்ததினின்று கடுகளவு வேறுபட்டாலும் அதைத் தள்ளிவிடாமல், ஏன் என்று மீண்டும் கேளுங்கள். ஆர்கானை உலகுக்குத் தந்தது அந்தக் கேள்விதான்.