உதவித்தொகை யார் கையில்?

காயல்பட்டினத்தில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். வாப்பா வளைகுடாவில். உம்மாவின் பொறுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள மகன். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாதாமாதம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. இத்தனை வருடமாக உம்மாதான் கையெழுத்துப் போட்டு எடுத்துவருகிறார். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் வங்கியில் கேட்கிறார்கள்: "கணக்குக்காரர் இனி மேஜர். அவர் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் கார்டியன் சான்றிதழ் கொண்டுவாங்க."

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் திகைத்துப்போகின்றன. அவசரத்தில் எல்லோரும் கார்டியன் சான்றிதழுக்கே ஓடுகிறார்கள். சட்டம் அதைத் தவிர வேறு வழிகளையும் தருகிறது. சிலருக்கு அந்தச் சான்றிதழே தேவைப்படாது. எந்த வழியைப் பிடிப்பது என்பது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே தீர்மானிக்கிற முடிவு. வங்கிக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு எடுக்க வேண்டிய முடிவல்ல.

எவ்வளவு பணம், யாருக்கு?

தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள் உண்டு. வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இது. ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது. காயல்பட்டினத்துக்காரர்கள் முதலாவதற்குப் போக வேண்டியது திருச்செந்தூர் வட்டாட்சியர் அலுவலகம். இரண்டாவதற்குத் தூத்துக்குடியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

அண்டை மாநிலங்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. ஆந்திரத்தில் 2024 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000 ரூபாய். கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில், பராமரிக்கிறவருக்கென்றே தனியாக 600 ரூபாய் தருகிறது. தொகை சிறிதுதான். ஆனாலும் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பும் உழைப்புதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் 2,000 ரூபாயில் பகல் முழுக்க ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்தத் தொகையை உயர்த்தக் கேட்டு மாற்றுத்திறனாளி சங்கங்கள் தொடர்ந்து தெருவில் நிற்பதில் நியாயம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கேட்கும் கேள்வி

ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில், ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு தேவை என்று மதிப்பிட்டு ஆண்டுத் தொகை ஒதுக்குகிறார்கள். ஒதுக்கியதும் அவரிடம் ஒரு கேள்வி: இந்தப் பணத்தை யார் நிர்வகிப்பது? அரசு முகமையிடமே விட்டுவிடலாம். அப்படி விட்டால் பதிவுபெற்ற சேவையாளர்களிடம் மட்டுமே போக முடியும். பில்களைக் கட்டி, கணக்கு வைத்துத்தர ஒரு திட்ட மேலாளரை அமர்த்திக்கொள்ளலாம். அவருக்கான கட்டணத்தைத் திட்டமே தரும். அல்லது தானே நிர்வகிக்கலாம். அப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கூட உதவியாளராக வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கும்; கூடவே ரசீதுகளை ஐந்தாண்டு பத்திரப்படுத்தும் பொறுப்பும் வந்துசேரும். மூன்றையும் கலந்தும் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இதற்கும் முன்பே, 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேவைக்குப் பதில் பணத்தையே மாற்றுத்திறனாளியின் கையில் கொடுக்க வழி திறந்துவிட்டது.

நம்மிடம் அந்த அளவு பணமும் இல்லை, அப்படிக் கேட்கிற அலுவலரும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான சட்டப் பதில் நம் நாட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும், தன் பணவிவகாரத்தைத் தானே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது. உதவுகிறவருக்கும் அவருக்கும் ஒரு கொடுக்கல்வாங்கலில் நலன் முரண்பட்டால், உதவுகிறவர் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும். இவர் உதவி வேண்டாம், வேறு ஆள் போதும் என்று மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவை ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறையாவது வாசித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி: அவரே எடுக்கட்டும்

உடல் ஒத்துழைக்காது, ஆனால் மனதுக்குப் பணம் புரியும் என்றால் கார்டியன் பேச்சுக்கே இடமில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம். கைரேகையும் இயலாதவர் கால்விரல் ரேகை வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி தெளிவாகச் சொல்கிறது. அந்த வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். வங்கிக்கு வரவே முடியாத நிலையில் இருப்பவரின் பணத்தை யார் போய் வாங்குவது என்பதையும் கணக்குக்காரரே குறித்துத் தரலாம். பார்வையற்றவருக்குக் காசோலைப் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ லாக்கரோ தர மறுக்கக் கூடாது என்று 2008 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி எழுதிவிட்டது. 2017 நவம்பரில் வந்த உத்தரவு, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே பணம் கொடுத்து வாங்கும் வசதியைச் செய்துதரச் சொல்கிறது.

கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சக்கர நாற்காலியில் வந்த இளைஞரிடம் பேசாமல் பின்னால் நிற்கும் மாமாவிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. கூட வருகிறவர் அப்போது வாயை மூடிக்கொண்டு, பிள்ளையைப் பேசவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்கு மேலாளரிடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் விஷயத்திலும் 'எதுவுமே தெரியாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதி வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு 200 ரூபாயைத் தன் செலவுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளவும் முடியும். மீதிப் பணத்துக்கு உதவி தேவைப்படலாம். உதவி என்பது வேறு, அதிகாரத்தைக் கைமாற்றுவது வேறு.

கார்டியன் சான்றிதழ் எப்போது?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். பதினெட்டு வயது முடிந்தவருக்குப் பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். நியமிப்பது நீதிமன்றம் அல்ல. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு. அதில் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்பது சட்டம். இந்தக் குழு தரும் சான்றிதழை வைத்துக் கணக்குத் தொடங்கவும் நடத்தவும் அனுமதிக்கும்படி வங்கிகளுக்கு 2007இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

சான்றிதழ் கையில் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சட்டத்தின் 16ஆம் பிரிவு பாதுகாவலருக்குக் கணக்கு எழுதும் கடமையைப் போடுகிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள், அந்தப் பிள்ளையின் பெயரிலுள்ள சொத்து, வரவேண்டிய பாக்கி, கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு, செலவு, இருப்பு காட்ட வேண்டும். பணத்தைக் கையாடினாலோ ஆளைக் கவனிக்காமல் விட்டாலோ பாதுகாவலரை நீக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பெற்ற தாயாகவே இருந்தாலும் கடமை ஒன்றுதான்.

இதற்கு ஆடிட்டர் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். இடப்பக்கம் வரவு: உதவித்தொகை 2,000, வாப்பா அனுப்பியது இவ்வளவு, சங்கத்திலிருந்து மருந்துக்கு வந்தது இவ்வளவு. வலப்பக்கம் செலவு: டயப்பர், வலிப்பு மாத்திரை, பிசியோதெரபிக்குப் போய்வந்த ஆட்டோ, பார்த்துக்கொள்ள வந்த பெண்ணின் சம்பளம். ரசீது இருந்தால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். இப்படி எழுதிவைத்த வீட்டில் நாளை சகோதரர்களுக்குள் பேச்சு வந்தாலும் நோட்டைப் பிரித்து வைத்தால் போதும்.

நான்கு வகைக்குள் வராதவருக்கு, உதவியிருந்தும் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி அவர் விருப்பப்படியே நடக்கும் பாதுகாவலர் இவர். வேறு சட்டங்களின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலர்களும் இனி இந்த வரம்புக்குள்தான் செயல்பட வேண்டும் என்கிறது அதே பிரிவு. ஆகவே சான்றிதழ் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் கேட்காமல் அவன் பணத்தைத் தொடக் கூடாது.

காயல்பட்டினத்து வீடுகளுக்குத் தனியாக

இந்த ஊரில் திருமணத்துக்குப் பிறகு ஆண் பெண்வீட்டில் வாழ்கிறான். வீடு பெண்மக்களுக்குப் போகிறது. மாற்றுத்திறனாளியான மகனோ மகளோ பெரும்பாலும் உம்மாவின் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கூட இருக்கப்போவது சகோதரி. காகிதத்தில் மட்டும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் காக்காவின் (அண்ணனின்) பெயரை எழுதிவைப்பதில் பயனில்லை. வங்கிக்குப் போக வேண்டியவர், இரவில் எழுந்து பார்க்கப்போகிறவர் யாரோ அவர் பெயர்தான் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேட்கவும் வேண்டும்.

'பிள்ளைக்குக் கூடுதலாக எழுதிவைத்துவிடுகிறேன்' என்பவர்கள் இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தின் எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும். வஸிய்யத் (உயில்) மூலம் எழுதக்கூடியது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான். அதிலும் வாரிசாக வருபவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுப்பது வேறு வழி. அப்போது உடைமையும் கைமாற வேண்டும். ஒரு வழக்கறிஞரையும் ஓர் ஆலிமையும் ஒரே நாளில் உட்காரவைத்துப் பேசி முடித்துவிட்டால் நல்லது.

அடுத்து, காகிதங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழையைக் கண்ட ஊர் இது. வெள்ளம் புகுந்த வீட்டில் பாஸ்புக்கும் மருத்துவச் சான்றும் தப்பிப்பது அரிது. தனித்துவ அடையாள அட்டை, பாதுகாவலர் சான்றிதழ், உதவித்தொகை ஆணை இவற்றைப் படமெடுத்து வாப்பாவின் போனிலும் சகோதரியின் போனிலும் வைத்திருங்கள். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நான்கு வகைக்குள் வருகிற பிள்ளைக்கு 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. சிகிச்சைச் செலவை அதில் காட்டிவிட்டால் உதவித்தொகை அன்றாடத் தேவைக்கு மிஞ்சும்.

ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் காயல் நல மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவைச் சிகிச்சைக்கும் படிப்புக்கும் நீங்கள் அள்ளித் தருவது ஊருக்குத் தெரியும். ஆனால் கடுமையான பாதிப்பு உள்ளவருக்கு ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, உதவியாளருக்கென்று மாதாமாதம் வரும் சிறுதொகை அதிகம் பயன்படும். அதை உறவினர் கையில் தராமல், அந்த ஆளின் சொந்தக் கணக்கிலேயே போடுங்கள்.

இங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஆறுமுகநேரி, ஆத்தூர், பழையகாயல் வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். உடல் ஒத்துழைக்காத பிள்ளையை ஒரு கையெழுத்துக்காக அத்தனை தூரம் தூக்கிச் செல்லச் சொல்வது முறையல்ல. மாவட்ட ஆட்சியரின் உள்ளூர் அளவிலான குழு ஆண்டுக்கு ஒரு நாளாவது காயல்பட்டினத்தில் உட்கார வேண்டும். வங்கி மேலாளர்களையும் கூடவே அழைத்துவர வேண்டும். நகராட்சி உறுப்பினர்களும் ஜமாஅத்துகளும் இந்தக் கோரிக்கையை இந்த வருடமே எழுதிக் கொடுக்க வேண்டும்.