விம்கோ நகர் டூ நந்தனம்... ஒரே ட்ரெயின்!

திருவொற்றியூர்ல இருந்துக்கிட்டே ஃப்ரீலான்ஸ் எடிட்டர் ஆக முடியுமா? தாராளமா பாஸ்! ஒற்றுப்பிழையைப் பிடிக்க 'மொழி' அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' இருக்கு. ஆனா, வேலை? அது வீடு தேடி வராது. நாலு பதிப்பாளரைப் பார்த்துப் பேசணும்.

2023 ஜனவரி 16 முதல் 18 வரை, முதல் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தமிழக அரசு நந்தனத்துல நடத்துச்சு. பல நாட்டுப் பதிப்பாளர்கள் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு உரிமை பேசினாங்க. மொழிபெயர்த்தா, அதைத் திருத்த எடிட்டர் வேணுமே!

'எல்லாம் சவுத் சைடுலதான் நடக்குது'னு நாம அலுத்துக்குறது நியாயம்தான். ஆனா, 2021 பிப்ரவரியில இருந்து விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா, மாறாமலே நந்தனத்துல இறங்கலாம். வர்ற ஜனவரி புத்தகக் காட்சிக்கு நீங்க திருத்தின நாலு பக்கத்தோட கிளம்புங்க. திருத்தாத பக்கத்தையும் கூடவே காட்டுங்க. அதுதான் உங்க விசிட்டிங் கார்டு!