ஊசி போட்டும் பி.எஸ்.ஏ. ஏறுதா? அடங்க மறுக்கும் புராஸ்டேட் புற்றுநோய் - முழு விளக்கம்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டதும் பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு இறங்கும். பிறகு ஒரு கட்டத்தில் பலருக்கு மறுபடியும் ஏறத் தொடங்கும். "ஊசிதான் கேட்கலையே, இனி எதுக்குப் போடணும்?" என்ற கேள்வி அப்போது வரும். போடிமெட்டு போன்ற ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஆஸ்பத்திரி போகும் முதியவருக்கு இந்தச் சலிப்பு வருவது இயல்புதான். ஆனால் தானாக ஊசியை நிறுத்துவது ஆபத்து. ஏன்?

ஹார்மோனுக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்?

டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை வாங்கிக்கொள்ள புராஸ்டேட் செல்லுக்குள் 'ஆண்ட்ரோஜன் ஏற்பி' என்ற புரதம் இருக்கிறது. ஏலத்தோட்டக் கணக்கில் சொன்னால், ஹார்மோன் முதலாளியின் உத்தரவு, ஏற்பி கங்காணி, மரபணுக்கள் வேலையாட்கள். உத்தரவு வந்ததும் ஏற்பி டி.என்.ஏ.வில் போய் ஒட்டி, குறிப்பிட்ட மரபணுக்களை வேலைக்கு இறக்கும். பி.எஸ்.ஏ.வை உருவாக்கும் மரபணுவும் அதில் ஒன்று.

ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் அடங்கும் என்று 1941-ல் காட்டியவர் சிகாகோ மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு ஏன் திரும்பி வருது?

* சில கட்டிகளில் ஏற்பிகள் பெருகிவிடும். கங்காணிகள் கூடிவிட்டால் மெல்லிய குரலில் வரும் உத்தரவும் கேட்டுவிடும்.

* ஊசி நிறுத்துவது விதைப்பையில் சுரக்கும் ஹார்மோனை மட்டுமே. அட்ரீனல் சுரப்பியும், சில நேரம் கட்டியே கூடவும் கொஞ்சம் தயாரிக்கும். 'அபிராட்டெரோன்' மாத்திரை இந்த வழியை அடைக்கிறது. 'என்சலூட்டமைடு' ஏற்பியையே மறிக்கிறது.

* 'ஏ.ஆர்.வி-7' என்ற குட்டை ஏற்பியில் ஹார்மோன் ஒட்டும் பகுதியே கிடையாது. உத்தரவே வராமல் வேலை வாங்கும் கங்காணி இது. இது இருப்பவர்களுக்கு மேற்சொன்ன இரண்டு மாத்திரைகளும் பெரும்பாலும் பலன் தருவதில்லை என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களுக்கு கீமோதெரபி போன்ற வேறு வழிகள் உண்டு.

அப்போ ஊசியை நிறுத்தலாமா?

கூடாது. பல கட்டிகள் இன்னமும் ஏற்பியை நம்பித்தான் வளர்கின்றன. ஊசியை விட்டால் உத்தரவு மறுபடி முழு பலத்தோடு வரும். அதனால் புது மருந்து சேர்த்தாலும் பழைய ஊசியும் வழக்கமாகத் தொடரும்.

முதலில் என்ன பார்க்கணும்?

மழையிலோ மண்சரிவிலோ பாதை அடைபட்டு ஊசி தேதி தள்ளிப்போயிருந்தால், அதனாலும் பி.எஸ்.ஏ. ஏறலாம். எனவே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருந்தும் நோய் வளர்ந்தால் மட்டுமே 'சிகிச்சைக்கு அடங்காதது' என்பார்கள். தவறவிட்ட தேதிகளை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்க. அடிக்கடி மலை இறங்க முடியாதவர்கள், ஒரே தடவையில் முடியும் விதை நீக்க அறுவை சிகிச்சை தங்களுக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம்.