வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நானோ இழைகள்

நானோ இழைவழி மருந்து செலுத்தல் என்பது, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள இழைகளால் ஆன மெல்லிய ஒட்டுத்தாளில் மருந்தை ஏற்றி, நோயுள்ள இடத்திலேயே சிறிது சிறிதாக வெளியிடும் முறையாகும். வாய்ப் புற்றுநோய்க்கு இதனைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

தேவை

2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3.77 லட்சம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். புகையிலை, பாக்கு, மது ஆகியவை இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள்.

சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளை நரம்பூசி வழியாகச் செலுத்தும்போது அவை உடல் முழுவதும் பரவுகின்றன. இதனால் சிறுநீரகமும் செவித்திறனும் பாதிக்கப்படலாம். மருந்தைக் களிம்பாக வாயில் பூசினாலோ, உமிழ்நீரும் நாக்கின் அசைவும் அதை விரைவில் அகற்றிவிடுகின்றன. இவ்விரு சிக்கல்களுக்கும் தீர்வாகவே இழைத் தாள்கள் ஆராயப்படுகின்றன.

உருவாக்கம்

இவ்விழைகள் பெரும்பாலும் மின்னூற்பு முறையில் உருவாக்கப்படுகின்றன. மருந்து கலந்த பாலிமர் கரைசல் ஊசிமுனை வழியாக மெல்லத் தள்ளப்படுகிறது. ஊசிக்கும் எதிரேயுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்படும். முனையிலுள்ள துளி கூம்பாக நீண்டு தாரையாகப் பாய்கிறது. வழியிலேயே கரைப்பான் ஆவியாக, உலர்ந்த இழைகள் தகட்டில் படிந்து தாளாகின்றன.

செயல்படும் விதம்

இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. எனவே அது எதிர்மின்னூட்டமுள்ள வாய்ச் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. தாளின் வெளிப்புறத்தில் நீர் புகாத படலம் ஒன்றைச் சேர்த்தால், மருந்து உமிழ்நீரில் கலந்து வீணாவது குறையும். இழையின் மேற்பரப்பிலுள்ள மருந்து ஒரேயடியாக வெளியேறிவிடக்கூடும். இதைத் தவிர்க்க, மருந்தை நடுவில் வைத்து வேறொரு பாலிமரால் உறையிட்ட இழைகளும் உருவாக்கப்படுகின்றன.

வரம்புகள்

சிஸ்பிளாட்டின், 5-புளோரோயுராசில், குர்குமின் முதலியவை ஏற்றப்பட்ட இழைகள் பெரும்பாலும் உயிரணு வளர்ப்பிலும் விலங்குகளிலுமே சோதிக்கப்பட்டுள்ளன. மேலும், தாளிலிருந்து வெளியாகும் மருந்து திசுவில் ஆழமாக ஊடுருவுவது கடினம். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய புற்றை இதனால் மட்டும் குணப்படுத்த இயலாது. ஆகவே இது அறுவை மற்றும் கதிர்வீச்சுச் சிகிச்சைகளுக்கு மாற்றாகாமல், துணைமுறையாகவே கருதப்படுகிறது. ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இன்றும் முதன்மையானது.